ஆறுமுகம் மாஸ்டர் போடாத கையுறை

போன ஞாயிற்றுக்கிழமை ஆறுமுகம் மாஸ்டர் விளையாட வந்தார். இடது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தார்.

விபத்துக்குப் பிறகு அவர் வாசலைத் தாண்டியது அன்றைக்குத்தான். அவர் மனைவி ராணி, ஜெனி, நான் — மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். என்னவென்று பேச்சை ஆரம்பிப்பது?

‘என்ன, இழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீய? பகடையை எடுங்க’ என்றார் அவரே.

நாங்கள் நாலு பேரும் ஒரே பனியன் கம்பெனி, ஒரே லைன் வீடு. ஆறுமுகம் கட்டிங் மாஸ்டர். ராணி ஓவர்லாக் தைக்கிறவள். இருவரும் சங்கரன்கோவில் பக்கம். ஜெனி தூத்துக்குடிப் பெண். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்களோடு போனிலும் ஈமெயிலிலும் மல்லுக்கட்டுகிற மெர்ச்சண்டைசர் வேலை. நான் செக்கிங் டேபிள். தைத்து வந்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை தேட வேண்டும். எனக்குப் பொருத்தமான வேலை… யாரோடும் பேச வேண்டியதில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பேனா என்றால் பரவாயில்லை, அது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

விளையாட்டு என்ன என்கிறீர்களா? ஜெனி சென்னையில் ஹாஸ்டலில் இருந்தபோது கற்றுக்கொண்டது. ஒருவர் (எங்களுக்கு ஜெனிதான்) கதை சொல்வார் — காடு, கோட்டை, பூதம் என்று. மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷத்தில் நுழைந்து, ‘கதவைத் திறக்கிறேன்’, ‘ஓடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா? இருபது முகம் உள்ள ஒரு பகடையை உருட்டினால் தெரியும். ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்து உட்கார வைத்தார்கள்.

முதல் வேலை, கதைக்குள் போகிற ஆளை நாமே செய்துகொள்வது. ஜெனி ஆளுக்குக் கொஞ்சம் பாயிண்ட் கொடுப்பாள். பலம், கைத்திறன், தெம்பு, படிப்பு, புத்தி, பேச்சு — இவற்றுக்குள் பிரித்துப் போட வேண்டும். ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் குறையும். எல்லாம் நிறைந்த ஆளைச் செய்யவே முடியாது. ஆண்டவனும் இதே ரூலைத்தான் வைத்திருக்கிறான் போல… என்ன, பிரித்துப் போடுகிற வேலையை மட்டும் நம்மிடம் விடவில்லை.

விளையாட ஆரம்பித்த முதல் நாள் மாஸ்டர், கட்டிங்கில் மிஞ்சிய பேட்டர்ன் பேப்பரை அளவாக வெட்டிக் கொண்டு வந்திருந்தார். தன் ஆளுக்குக் கோட்டைச்சாமி என்று பெயர் எழுதி, பாயிண்ட்டை எல்லாம் கைத்திறனில் கொட்டினார்.

‘புத்தியில கொஞ்சம் போடுங்க. வீட்டுக்காவது உதவும்’ என்றாள் ராணி.

‘அதான் நீ இருக்கியே, எனக்கும் சேர்த்துப் பேச. ஏன் பெரியம்மா, நீங்க எதுல போட்டிருக்கீய?’

‘பேச்சுலதானுங்க’ என்றேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை முழித்துக்கொண்டது.

இந்த விளையாட்டில் மேஜிக் பொருள்களும் கிடைக்கும். ராணிக்குக் காயம் ஆற்றும் மருந்துக் குப்பி கிடைத்தது. கோட்டைச்சாமிக்கு முள் குத்தினால்கூட எடுத்துத் தடவி, கொஞ்ச நாளில் காலி செய்துவிட்டாள். ‘வீணாக்குறாளே!’ என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு ஒரு மணி. அடித்தால் எப்பேர்ப்பட்ட ராஜாவும் திரும்பிப் பார்த்து நான் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் ஒரு தடவைதான் அடிக்கலாம். பத்திரமாக வைத்திருந்தேன்.

மாஸ்டருக்குக் கிடைத்தது வெள்ளிக் கையுறை. எந்தக் கத்தியும் அந்தக் கையைத் தொடாது. ‘போட்டுக்கிட்டேன்’ என்று சொல்லிப் போட்டுக்கொள்ள வேண்டும், அடி வாங்க வாங்க அதன் சக்தி தேயும்.

‘இங்கயும் கிளவுஸா?’ என்று மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. துணி வெட்டும்போது அடுக்கை இடது கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கத்தி அந்தக் கையை ஒட்டியே ஓடும். அதற்கென்றே இரும்பு வளையங்களைக் கோத்த ஸ்டீல் கிளவுஸ் உண்டு. எங்கள் கம்பெனியிலும் உண்டு — மேனேஜர் ரூம் பீரோவில், பிளாஸ்டிக் கவருக்குள். பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வருகிற அன்று வெளியே வரும். மாஸ்டர் மாட்டிக்கொண்டு வெட்டுவார். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் துடைத்து, கவரில் போட்டு, உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

மற்ற நாட்களில்? மாஸ்டரும் கேட்டு வாங்கியதில்லை. ‘வளையம் பனியன் துணியில மாட்டி இழுக்கும் பெரியம்மா. துணி எங்க இருக்குன்னே கைக்குத் தெரியாது’ என்பார்.

நம்மில் யார் வீட்டில்தான் இது இல்லை? பூப்போட்ட டம்ளர் விருந்தாளிக்கு. கெட்டிப் போர்வை சம்பந்திக்கு. நமக்கு நெளிந்த டம்ளர், கிழிந்த போர்வை. நல்லதெல்லாம் எவருக்காகவோ பீரோவுக்குள் காத்திருக்கிறது…

கதைக்குள்ளும் அப்படியே. ஓநாய் வந்தது, திருடர்கள் வந்தார்கள், வாள் சுழற்றுகிற எலும்புக்கூடு வந்தது. ‘மாஸ்டர், கையுறை?’ என்று ஜெனி ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கொடுப்பாள்.

‘இந்தச் சில்லறைப் பயலுக்கா? பெரிய எதிரி வரட்டும்.’

பெரிய எதிரி கதையில் வரவில்லை. கம்பெனியில் வந்தான். ஷிப்மெண்ட் அவசரம், உயரமான அடுக்கு, சாயங்கால டீ வருகிற நேரம். கட்டிங் மெஷின் ஓடும், நிற்கும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அன்றைக்கு அது நின்ற விதத்தில் ராணி மட்டும் தையலை விட்டு எழுந்தாள். போய்ச் சேரும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது கையில் இரண்டு விரல்கள்.

போன ஞாயிறுக்கு வருகிறேன்.

‘ஜெனி, என் பேப்பரை எடு. கைத்திறனைக் குறை’ என்றார் மாஸ்டர்.

‘எதுக்கு மாஸ்டர்?’

‘ரெண்டு விரல் போயிட்டுல்லா.’

‘அது உங்களுக்கு மாஸ்டர். கோட்டைச்சாமிக்கு ஒண்ணும் ஆகல.’

‘அவனும் நானும் வேறயா?’

ஜெனி விளையாட்டின் ரூல் புத்தகத்தைப் புரட்டினாள். கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு. ‘மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சாமியார் இருக்காரு. அவர்கிட்டப் போனா விரல் திரும்ப முளைக்கும். ரூல்லயே இருக்கு மாஸ்டர்.’

‘அப்படியா? எந்த பஸ் போகுது?’

ராணிதான், ‘குறைச்சிரு ஜெனி’ என்றாள். ஜெனி ரப்பரால் அழித்தாள். பேட்டர்ன் பேப்பர் கெட்டியானது. அழுத்தி எழுதிய எண் சுலபத்தில் போகவில்லை.

‘குறைச்ச பாயிண்ட்டை எதுல சேர்க்கலாம்?’

‘எதுலயும் சேராது மாஸ்டர். அடிபட்டுப் போறது… போனதுதான்.’

‘பேச்சுல கொஞ்சம் போடேன். அடுத்த மாசம் கேட்ல உக்காரச் சொல்லியிருக்காவ. வாரவன் போறவனுக்கெல்லாம் வணக்கம் வைக்கணும்லா?’

இந்தக் கம்பெனியில் இத்தனை காலம் வெட்டிய கை. கண்ணால் பார்த்தே துணியில் எத்தனை பீஸ் விழும் என்று சொல்கிற ஆள். இனி கேட்டில் நாற்காலி. ஜெனி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

‘சரி விடு. எழுதிக்கோ. கையுறையைப் போட்டுக்கிட்டேன்.’

துண்டை விலக்கி, கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்தார். ராணி எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். குடம் நிறைந்து வழிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை கட்டிங்குக்குப் புது ஆள் வந்தான், பீகார்க்காரன். செக்கிங் டேபிளிலிருந்து பார்த்தால் கட்டிங் டேபிள் தெரியும். அடுக்கை அமுக்கிய கை வெறும் கை. என்னால் பனியனைப் பார்க்க முடியவில்லை. மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார்.

‘ஏனுங் சார்…’ என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ‘அந்த ஸ்டீல் கிளவுஸை எடுத்துக் குடுங்க சார்.’

‘இப்ப எதுக்குங்கம்மா? எண்ணெயும் அழுக்கும் ஆயிருமுங்க. ஆடிட் வரட்டும், எடுத்துக்கலாம்.’

வரட்டும்! மாஸ்டர் சொன்ன அதே சொல்.

‘எதிரி ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டானுங்க சார்.’

டேபிள் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ‘ஊட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்கம்மா’ என்று சொல்லிப் போய்விட்டார். இதை எழுதுகிற இன்று வரை கிளவுஸ் பீரோவில்தான் இருக்கிறது.

மணியை ஒரு தடவைதான் அடிக்கலாம் என்பது ஜெனியின் விளையாட்டில். கம்பெனியில் அப்படி ஒரு ரூல் இருப்பதாக யாரும் சொல்லவில்லை.