குளத்தில் பெரட்டு

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மிதவைக் கயிறு அறுத்த காயம் என் இடுப்பில் இன்னும் ஆறவில்லை. இது போன ஞாயிறு நடந்தது.

மலேசியாவில், சிலிம் ரிவர் பக்கம் ஒரு பழைய ரப்பர் எஸ்டேட். இப்போது ஆளில்லை. நடுவில் பெரிய குளம். ஈப்போவிலிருந்து மூன்று பேர் நீந்தப் போனோம். நான் சிவநேசன், தோழி தினேஸ்வரி, அப்புறம் ஹாபிஸ். அவன் அப்பா புந்தோங்கில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். திறந்த நீருக்கு அவன் புதுசு.

விதிகளில் நாங்கள் கறார். இடுப்பில் ஆரஞ்சு மிதவை, கழுத்தில் விசில். பனி இறங்கினால் நான் பெயர் கூப்பிடுவேன். மற்றவர்கள் ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்பார்கள். கிண்டலாக நாங்களும் அப்படியே சொல்வோம்.

“இன்னிக்கும் நீதான் கங்காணி லா,” என்றாள் தினேஸ்வரி. “என் பேர விட்டுடாதடா.”

காலை ஏழு பத்து. பாதிக் குளம் தாண்டியதும் பனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை.

“தினேஸ்வரி...”

“இருக்கேன்.”

“ஹாபிஸ்...”

“வந்தாச்சுங்க...”

சிரித்துவிட்டேன். விளையாடுகிறான் என்று நினைத்தேன். திரும்பினோம்.

கரையில் இரண்டு பேர்தான் ஏறினோம்.

“ஹாபிஸ்!”

“வந்தாச்சுங்க...”

இடது பக்கம். மிக அருகில். ஆனால் அந்தக் குரலில் மூச்சு வாங்கவே இல்லை. நீந்துகிறவன் குரல் அப்படி இருக்காது.

அப்போது வலது பக்கம்... தூரத்தில்... பீப்.

விசில்.

“அந்தக் குரல நம்பாதடா, விசில் பக்கம் போ,” என்றாள் தினேஸ்வரி. “நான் கார் ஹார்ன் அடிக்கிறேன். அத வச்சுத் திரும்பி வா.”

குதித்தேன்.

பீப்... பின்னாலேயே அந்தக் குரல். “வந்தாச்சுங்க...”

பீப்...

விசில் நின்றது.

கையில் மிதவை பட்டது. அதன் கீழே ஹாபிஸ். முகம் பாதி தண்ணீரில்.

இழுத்தேன். வரவில்லை. கீழே யாரோ அவன் காலைப் பிடித்திருப்பது போல... அவன் மிதவைக் கயிறு சுற்றி என் இடுப்பை அறுத்தது. தண்ணீர் குடித்தேன். கை விட்டுப்போனது.

ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

“ஹாபிஸ் வரல. இன்னிக்கு அவனுக்குப் பேர் இல்ல.”

கீழே அந்தப் பிடி விட்டது.

ஹார்ன் வந்த திசையில் இழுத்துக்கொண்டு போனேன்.

கரையில் வெகுநேரம் இருமினான். “நீ கூப்பிட்டது கேட்டுச்சு மச்சான். வாயெல்லாம் தண்ணி. நான் பதிலே சொல்லல.”

முச்சந்தியில் தே தாரே டீக்கடை விமலா அக்கா நாங்கள் சொன்னதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டார்.

“பழைய பெரட்டுக் களம் அந்தத் தண்ணிக்கு அடியிலதான் இருக்கு தம்பி. வராத ஆளுக்கு கூட்டாளிங்க வந்தாச்சுன்னு குரல் கொடுப்பாங்க. பதிவுல பேர் விழுந்துட்டா, ஆள் வேலைக்குப் போயே ஆகணும்.”

அன்று மாலை தினேஸ்வரி ஒரு பதிவை அனுப்பினாள். அவள் மிதவையில் கட்டியிருந்த கேமரா, கரையிலும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வெறும் பனி. ஹார்ன். தூரத்தில் நான் ‘வரல’ என்று கத்துவது கேட்கிறது.

அப்புறம் ஒரு வயதான குரல்.

“சிவநேசன்...”

பதிலும் இருக்கிறது.

என் குரலில்.

“வந்தாச்சுங்க.”