வலது காதோரம்

இதை எனக்குச் சொன்னவள் பொய்யே பேசாதவள் என்று சொல்ல மாட்டேன். பொய்தான் அவள் பிழைப்பு. பதினோரு வருடமாகப் படங்களைத் திருத்துகிறாள். இருப்பதை இல்லாமல் செய்வாள். மங்கலான அறையில் வெயிலைக் கொண்டுவருவாள். சுவரில் ஓடும் விரிசலை ஒரே நிமிடத்தில் பூசி மெழுகிவிடுவாள். அப்படிப்பட்டவள் இந்த ஒரு வீட்டின் அசல் படங்களை மட்டும் ஒரு புள்ளிகூட மாற்றாமல் வைத்திருக்கிறாள். இங்கே நான் எழுதும் நேரங்கள் பெரும்பாலும் அந்தப் படங்களிலும் அவள் போனிலும் பதிவாகியிருப்பவை. பார்த்தேன். பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

அவளை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவளும் அவள் தம்பியும் சேர்ந்து செய்யும் தொழில் அது. விற்பனைக்கு வரும் வீடுகளைத் தம்பி போய்ப் படம் எடுப்பான். எடுக்க எடுக்க, கேமராவிலிருந்து அவன் போனுக்கும், அங்கிருந்து அக்காவின் கணினிக்கும் போனுக்கும் படம் வந்து விழும். ஒவ்வொரு படத்துக்கும் ‘டிங்’ என்று ஒரு சத்தம். அக்கா தன் இரண்டாம் மாடி அறையில் உட்கார்ந்து, கோணலை நிமிர்த்தி, தொங்கும் வயர்களைத் துடைத்து, வெளிச்சம் ஏற்றி, சாயங்காலத்துக்குள் தரகருக்கு அனுப்பிவிடுவாள்.

இதில் பெரிய தலைவலி தம்பிதான். எந்த வீட்டுக்குப் போனாலும் எதிலாவது அவன் உருவம் விழுந்துவிடும். பீரோ கண்ணாடியில், டிவி திரையில், சில நேரம் தண்ணீர்க் குழாயின் பளபளப்பில்கூட. கேமரா முக்காலிக்குப் பின்னால் குனிந்து நிற்கும் அந்த ஒல்லி உருவத்தைத் தினமும் பத்து தடவையாவது அவள் அழிக்க வேண்டும். “உன்னைப் பெத்தது அம்மா, தினம் இல்லாம ஆக்கறது நான்” என்பாள். அவனும் சிரிப்பான்.

அன்று பட்டப்பகல். நல்ல வெயில். ஆளில்லாத வீடு, ஆனால் சாமான்கள் அப்படியே இருந்தன. தரகர் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார்.

11:08. முதல் படம். வெளி கேட்.

11:14. ஹால். அணைந்திருந்த டிவி திரையில் முக்காலியும் தம்பியும் தெரிந்தார்கள். தம்பிக்குப் பக்கத்தில் கட்டையாக ஒரு நிழல். திரைச்சீலையாக இருக்கும் என்று அக்கா நினைத்தாள். அவனோடு சேர்த்து அதையும் அழித்தாள். சேமித்தாள்.

11:22. சமையலறை. மைக்ரோவேவ் கதவின் கறுப்புக் கண்ணாடியில் மறுபடியும் தம்பி. மறுபடியும் பக்கத்தில் அது. இப்போது திரைச்சீலை என்று சொல்ல முடியவில்லை. ஒரு பெண். வயதானவர். தம்பியின் தோள் உயரம்தான். வெளிறிய சால்வை ஒன்றைப் போர்த்தியிருந்தார். வீட்டுக்காரம்மா போல, மேற்பார்வை பார்க்க வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு அக்கா ஒரு செய்தி தட்டினாள்.

“கூட இருக்கற அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுடா. உன்னை அழிக்கவே எனக்கு நேரம் பத்தல.”

பதில் உடனே வந்தது.

“எந்த அம்மா? நான் மட்டும்தான் இருக்கேன்.”

விளையாடுகிறான் என்று நினைத்தாள். விளையாடக்கூடியவன்தான்.

11:31. படுக்கையறை. டிங்.

பீரோவில் ஆள் உயரக் கண்ணாடி. நல்ல வெளிச்சம். எந்தக் குழப்பத்துக்கும் இடமில்லாத படம். தம்பி கேமராவில் கண்ணை வைத்துக் குனிந்திருந்தான். அந்தப் பெண் அவனை ஒட்டி நின்றிருந்தார். ஒரு கையை வாயோரம் குவித்துப் பிடித்திருந்தார். உதடுகள் அவன் வலது காதைத் தொடும் தூரத்தில் இருந்தன. ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது எடுத்தது போல வாய் பாதி திறந்திருந்தது.

அக்கா படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். சாதாரணமாக நிழலையும் பிம்பத்தையும் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்து போகும். இந்த முகம் உடையவில்லை. இமை மயிர்கூடத் தெரிந்தது. அந்தக் கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. தம்பியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தன... பாசமாக.

11:34. போன் செய்தாள்.

“உன் பக்கத்துல யாருடா?”

“யாரும் இல்லக்கா. எத்தனை தடவை சொல்றது.”

“திரும்பிப் பாரு.”

“பார்த்துட்டேன். சுவருதான் இருக்கு. என்ன ஆச்சு உனக்கு?”

அக்காவுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

“உன் வலது காது நல்லாத்தானே இருக்கு?”



“உனக்கு எப்படித் தெரியும்? உள்ள வந்ததுலேர்ந்து ஒரே குறுகுறுப்பு. எறும்பு போயிருக்கும்னு நினைச்சேன்.”

“வெளில வந்துடு. மீதியை நாளைக்கு எடுத்துக்கலாம்.”

“இன்னும் மூணு ரூம்தான். இவ்வளவு நல்ல வெளிச்சத்தை விட்டுட்டு வரச் சொல்றியா? அரை மணி நேரம். முடிச்சுட்டு வந்துடறேன்.”

வைத்துவிட்டான். அக்கா சேமித்து வைத்த ஹால் படத்தை மறுபடி திறந்தாள். அழித்தோமே, ஒழுங்காக அழிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

டிவி திரையில் தம்பி இல்லை. சுத்தமாக அழிந்திருந்தான்.

அந்தப் பெண் இருந்தார்.

தனியாக. கையைக் குவித்துக்கொண்டு. பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் எதையோ சொல்லிக்கொண்டு.

தான்தான் சரியாகச் செய்யவில்லை என்று அக்கா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மறுபடி அழித்தாள். சேமித்தாள். மூடினாள். திறந்தாள்.

அந்தப் பெண் இருந்தார்.

11:46. குளியலறை. டிங்.

முகம் கழுவும் இடத்துக் கண்ணாடி. தம்பி இப்போது கேமராவைப் பார்க்கவில்லை. தலை வலது பக்கம் சாய்ந்திருந்தது. யாரோ சொல்வதைக் கூர்ந்து கேட்கும் சாய்வு. உதட்டில் லேசான சிரிப்பு.

11:52. பின் அறை. டிங்.

புத்தக அலமாரியின் கண்ணாடிக் கதவில் முக்காலி தனியாக நின்றது. தம்பி அதன் பின்னால் இல்லை. அதே கண்ணாடியில் கொஞ்சம் தள்ளி அவன் தெரிந்தான். ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் கேமராவின் ரிமோட். நாற்காலிக்குப் பக்கத்தில் அந்தப் பெண் குனிந்திருந்தார்.

11:53. டிங். அதே படம்.

11:54. டிங். அதே படம்.

அக்கா போனை எடுத்தாள். மணி அடித்தது... அடித்தது... ஏழாவது மணியில் எடுத்தான். குரல் தூக்கத்திலிருந்து வருவது போல இருந்தது.

“கொஞ்சம் இரு. பேசிட்டு இருக்காங்க.”

“யாரு பேசறாங்க?”

“அக்கா.”

“நான்தான்டா அக்கா.”

“இல்ல...” என்றான் பொறுமையாக, விவரம் தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்வது போல. “அக்கா பேசிட்டு இருக்காங்க.”

பிறந்ததிலிருந்து அவன் அவளை ‘ங்க’ போட்டுப் பேசியதே கிடையாது.

போன் கட்டாகிவிட்டது.

அக்கா செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. ஸ்கூட்டரை எடுத்தாள். இருபத்தைந்து நிமிட வழி. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பையில் இருந்த போன் ‘டிங்’ என்றது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

12:24. கேட் திறந்திருந்தது. வாசல் கதவும் ஒருக்களித்துத்தான் இருந்தது. உள்ளே காலடி வைத்ததும் வெயில் காலத்து வீட்டுக்குள் இருக்கக் கூடாத குளிர். ஹாலைக் கடந்தாள். டிவி பக்கம் திரும்பவில்லை. படுக்கையறையைக் கடந்தாள். பீரோ பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்ப்பதையே வேலையாகக் கொண்டவள், அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பின் அறையிலிருந்து ஒரு சத்தம்.

க்ளிக்.

கொஞ்சம் இடைவெளி.

க்ளிக்.

தம்பி நாற்காலியில் இருந்தான். கட்டை விரல் மட்டும் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தது. தலை வலது பக்கம் சாய்ந்திருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

“டேய்” என்றாள்.

அவன் திரும்பவில்லை.

பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிட்டாள். காதே கேட்காதவன் போல உட்கார்ந்திருந்தான்.

அவன் இடது பக்கம் போய் மண்டி போட்டாள். இடது காதில் வாயை வைத்தாள். சின்ன வயதில் அவனை மிரட்டி வீட்டுக்குள் இழுத்து வரும் அதே குரலில் சொன்னாள்.

“எழுந்திரு. வீட்டுக்குப் போகலாம்.”

கட்டை விரல் நின்றது.

மெதுவாகத் திரும்பினான். “நீ எப்ப வந்த?”

கையைப் பிடித்து இழுத்தாள். அவன் ஒல்லி. ஊதினால் பறந்துவிடுவான் என்று கேலி செய்வோம். ஆனால் அன்று அவனை இழுத்தது ஒருவனை இழுத்த மாதிரி இல்லை என்கிறாள். அவனுடைய இன்னொரு கையை யாரோ பிடித்துக்கொண்டிருந்த மாதிரி... ஹால் வரைக்கும். வாசல் வரைக்கும்.

படி இறங்கியதும் விட்டது.

மணி 12:31.

கேமரா, முக்காலி எல்லாம் உள்ளேயே கிடந்தன. சாயங்காலம் தரகர்தான் போய் எடுத்து வந்தார். ஆறரைக்கு அக்காவின் அறைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா படுக்கையறைப் படத்தைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நின்றிருந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

“இவங்க போயி ரெண்டு வருஷம் ஆச்சும்மா.”

அவர் சொன்னது இவ்வளவுதான். அந்த வீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. தம்பிக்குச் சின்ன வயதிலேயே காது போய்விட்டது. வலது காதில் மட்டும், அதுவும் வாயை ஒட்டி வைத்துச் சொன்னால்தான், கொஞ்சம் கேட்கும். அறுபது வருடம் அந்த அக்கா தம்பியின் காதோரமே நின்றார். வாசலில் யார் வந்தார்கள், மழை வருமா, ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள், எல்லாம் அந்த அக்காவின் வாயால்தான் தம்பிக்குப் போகும். ஒருநாள் தூக்கத்திலேயே அந்த அக்கா போய்விட்டார். தம்பியை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். இன்னும் இருக்கிறார். யாராவது கிட்டே வந்தால் வலது காதைக் காட்டுவாராம். எந்தக் குரலைக் கேட்டாலும், “இது இல்ல” என்று தலையை ஆட்டுவாராம்.

“நானா வந்து இதையெல்லாம் சொன்னா யாரு வீடு வாங்குவா, சொல்லுங்க” என்றார் தரகர்.

அவர் போன பிறகு, ஸ்கூட்டரில் போகும்போதும் அதற்குப் பிறகும் வந்து விழுந்த படங்களை அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் அதே அறை, அதே நாற்காலி. கடைசிப் படத்தின் நேரம் 12:28. அலமாரிக் கண்ணாடியில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தம்பி. இடது காதில் வாய் வைத்தபடி அவள். வலது காதில் வாய் வைத்தபடி அந்தப் பெண்.

இந்த ஒரு படத்தில் மட்டும் அந்தப் பெண் தம்பியைப் பார்க்கவில்லை.

அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து தம்பிக்கு வலது காது கேட்கவில்லை. காது மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார், இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். காதில் ஒரு குறையும் இல்லை, நரம்பும் நன்றாக இருக்கிறது, ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

“ஒண்ணுமே கேக்கலையாடா அந்தக் காதுல?” என்று அக்கா ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“வெளிச் சத்தம் எதுவும் கேக்கல.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை என்கிறாள். அவன் வேலைக்குப் போனான், வந்தான், சிரித்தான். எல்லாம் பழையபடிதான் இருந்தது. தலை மட்டும் அவ்வப்போது வலது பக்கம் சாயும்.

பன்னிரண்டாம் நாள் காலை 10:40-க்குத் தரகர் போன் செய்தார். புது வீடு ஏதாவது வந்திருக்கும் என்று நினைத்து அக்கா எடுத்தாள்.

“உங்க தம்பி நேத்தும் வந்தாரும்மா” என்றார். “அந்த வீட்டுச் சாவியைக் கேக்கறாரு.”

“நேத்துமா?”

“மூணாவது தடவை. நான் கொடுக்கல. எதுக்குப்பா உனக்குன்னு கேட்டா, ஒரே பதில்தான் சொல்றாரு. அக்கா வீட்டுல தனியா இருக்காங்க, நேரமாச்சு, போகணும்னு.”

அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

“நான் உங்களைத்தான் சொல்றாருன்னு நினைச்சேன்...” என்றார் தரகர். “இன்னைக்குக் காலையில ஆபீசைத் திறந்தேன். ஆணியில மாட்டியிருந்த சாவியைக் காணும்.”