வல்லைவெளியில் இறங்காத எண்

பள்ளிக்கூட வான் வண்டியின் பின் சீற்றில் இருந்து வரும் நாட்களில் என் மகள் தலையிடியோடுதான் வீட்டுக்கு வருவாள். முன் சீற் கிடைத்த நாட்களில் துள்ளிக்கொண்டு இறங்குவாள். கண் டொக்டரிடம் காட்டினோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். பின் சீற்றில் ஆட்டம் கூட, அதனால்தான் என்று என் கணவர் சொன்னார்.

நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிப்பிக்கிறேன். என்னோடு வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்த தோழி ஒருத்தி விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஒரு கருவியைக் கையோடு கொண்டுவந்தாள். என் மாணவர்கள் பார்க்கட்டும் என்று, தான் திரும்பிப் போகும்வரை அதை என்னிடம் விட்டுவைத்தாள். சாப்பாட்டுப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. தோளில் கொழுவிக்கொண்டு நடக்கலாம். எஞ்சின் புகையில் கண்ணுக்குத் தெரியாமல் போகிற மிக நுண்ணிய துகள்களை அது எண்ணும். உறிஞ்சிய காற்றில் உள்ள ஒவ்வொரு துகளிலும் அற்ககோல் என்கிற மதுசாரத்தின் ஆவி படிந்து அதைச் சின்னத் துளியாகப் பருக்கவைக்கும். பருத்த துளிகளை ஒளிக்கற்றை ஒன்று எண்ணும். ஒரு கன சென்ரிமீற்றர் காற்றில் எத்தனை துகள் என்ற எண் திரையில் ஓடும்.

வாகனங்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் புகைப் பரிசோதனை கறுப்புப் புகையைத்தான் பிடிக்கும். இந்தத் துகள்கள் புகையாகவே தெரியாது. ஆனால் நுரையீரலின் அடிவரை போய்விடும். கருவி கைக்கு வந்த அன்று பின்னேரமும் மகள் தலையைப் பிடித்துக்கொண்டு வானால் இறங்கினாள். இந்தத் துகள்கள் வானுக்குள்ளும் இருக்குமோ என்று அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது.

அந்த வான் புத்தூரிலிருந்து நெல்லியடிக்குப் பிள்ளைகளை ஏற்றுகிற டீசல் வான். அதை ஓட்டுபவர் ஒரு பெண். என்னைவிட மூத்தவர், நாங்கள் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வானைத் தினமும் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். நான் விசயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

“என்ரை வான் புகைக்கிறதெண்டு ஆர் சொன்னது? போன மாசம்தான் புகை பாத்துச் சேட்டிபிக்கற் எடுத்தனான்.”

“புகைக்குதெண்டு சொல்லேல்லை அக்கா. தெரியாமல் ஏதும் வருதோ எண்டு பாப்பம். நாளைக்குக் காலமை நானும் வாறன்.”

“வாரும், வந்து பாரும். ஒண்டும் இராது.”

அடுத்தநாள் காலை பின் சீற்றில் மகளுக்குப் பக்கத்தில், கருவியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். புத்தூர்ச் சந்தியில் பேருந்துகளுக்கும் லொறிகளுக்கும் நடுவில் நின்றபோது எண் ஆறு இலக்கத்தில் நின்றது. அதில் வியப்பில்லை. ஆவரங்கால், அச்சுவேலி எல்லாம் தாண்டி வல்லைவெளிக்கு வந்தோம். அங்கே வீடும் இல்லை, கடையும் இல்லை. இரண்டு பக்கமும் வெட்டவெளி, கடல் நீரேரிக் காற்று வானையே தள்ளியது. முன்னும் பின்னும் ஒரு வாகனம் இல்லை. இங்கே எண் விழவேண்டும் என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது விழவில்லை. ஆறு இலக்கத்திலேயே நின்றது.

உறிஞ்சு குழாயின் நுனியை யன்னலுக்கு வெளியே நீட்டினேன். எண் மளமளவென்று இறங்கியது. உள்ளே எடுத்தேன்; ஏறியது. பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வானைத் திருப்பிக்கொண்டு அதே வெளிக்கு வந்தோம். முன் சீற்றில் வைத்துப் பார்த்தபோது எண் பாதிக்கும் கீழே கிடந்தது.

“அக்கா, இந்தக் காத்து வெளியாலை வரேல்லை. உங்கடை எஞ்சின்ரை புகைதான் பின்னாலை உள்ளுக்கு வருது.”

அக்கா வானைத் தெருவோரம் நிறுத்தி, இறங்கிப் போய்ப் பின்பக்கத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “பின் சீற்றிலை இருக்கிறதுகள் எல்லாம் சின்னனுகள்” என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரமே அவர் வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து இரண்டு பேரும் வானுக்குக் கீழே படுத்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் குழாயின் நுனியைப் புகைக்குழாய் நெடுக நகர்த்த, அக்கா திரையை வாசித்துச் சொன்னார். குழாய்கள் இரண்டு பொருந்தும் ஓரிடத்தில் அவர் குரல் கீச்சிட்டது. “உதிலைதான்! உதிலைதான்! ஏறுது, ஏறுது!” கண்ணுக்கு ஒரு வெடிப்பும் தெரியவில்லை. கழற்றிப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவில் புகை கசியாமல் அடைக்கும் கஸ்கற் வளையம் கருகித் தேய்ந்திருந்தது. அதற்கு நேர் மேலே, பின் சீற்றின் அடித்தளத்தில், றப்பர் மூடி கழன்ற ஒரு துளை.

மறுநாளே அக்கா கராச்சில் நின்று கஸ்கற்றை மாற்றி, துளையையும் அடைப்பித்தார். அதற்கடுத்த காலை மறுபடியும் வல்லைவெளி. இந்தமுறை பின் சீற்றிலேயே எண் இறங்கியது. ஆறு இலக்கம் ஐந்தாகி, நான்காகி, வெளிக்காற்றுக்குச் சரியாக வந்து நின்றது. நான் உரக்க வாசித்தேன். அக்கா ஹோனை நீளமாக அடித்தார். காரணம் தெரியாமலே பிள்ளைகள் எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கிழமை முழுக்க மகள் பின் சீற்றில்தான் போய் வந்தாள். ஒருநாளும் தலையிடி என்று சொல்லவில்லை.

அக்கா இதோடு விடவில்லை. நெல்லியடியில் ஒரு சனசமூக நிலையத்தில் நடந்த வான் ஓட்டுபவர்களின் சங்கக் கூட்டத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். சங்கத் தலைவர் பெரிய உடம்பும் கணீரென்ற குரலும் உள்ளவர். நான் கதைக்கத் தொடங்கியதுமே எல்லாரையும் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் வானை ஸ்ராட் பண்ணி, சட்டைப் பையிலிருந்த கைலேஞ்சித் துணியைப் புகைக்குழாயின் வாயில் பிடித்து, எல்லாருக்கும் விரித்துக் காட்டினார்.

“பாருங்கோ ரீச்சர். பால் வெள்ளை. உதுக்கு மேலை என்ன வேணும்?”

புகைக்குழாயிலிருந்து நேராக எடுத்தால் துகள்கள் கருவிக்கு எண்ணி முடியாத அளவு வரும். அதற்காக ஒரு மீன்தொட்டிப் பம்பால் வடிகட்டிய காற்றைக் கலந்துவிடும் ஏற்பாடு ஒன்றை நானே செய்து கொண்டுபோயிருந்தேன். குழாயைப் பொருத்தினேன். திரையில் எண் வரவில்லை, எச்சரிக்கைக் குறிதான் வந்தது.

“மெசினுக்கும் வேர்க்குது போலை” என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது.

எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. எங்கள் ஊர் ஈரக்காற்றில் உள்ளே மதுசாரத்தை ஆவியாக்கித் தரும் திரி தண்ணீரைக் குடித்திருந்தது. கருவியை வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோய், பழைய திரியைக் கழற்றிவிட்டுப் புதிய மதுசாரத்தில் ஊறிய திரியைப் போட்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் எண் ஓடத் தொடங்கியது. ஆறு இலக்கத்தையும் தாண்டி ஓடியது.

“உது பொய்க் கணக்கு” என்றார் தலைவர். “எதிலை பிடிச்சாலும் உந்தப் பெட்டி பெரிசாத்தான் காட்டும்.”

துகள் எதையும் உள்ளே விடாத, தீப்பெட்டி அளவான வடிகட்டி ஒன்றை அவர் கையில் கொடுத்து, குழாயின் நுனியில் அவரையே பொருத்தச் சொன்னேன். பொருத்தினார். எண் சரசரவென்று விழுந்து பூச்சியத்தில் நின்றது. கழற்றினார்; ஏறியது. மறுபடி பொருத்தினார், மறுபடியும் பூச்சியம்.

அக்கா முன்னுக்கு வந்தார். “என்ரையும் புகைக்காத வான்தான் அண்ணை. ஆனா பின் சீற்றிலை வைச்சுப் பாத்தாப்பிறகுதான் தெரிஞ்சுது. உங்கடையிலையும் ஒருக்கால் பாப்பம்.”

தலைவர் தானே கருவியைத் தோளில் கொழுவிக்கொண்டு தன் வானின் பின் சீற்றில் ஏறினார். உள்ளேயும் எண் பெரிதாகத்தான் இருந்தது. குழாயின் நுனியை மூலை மூலையாகக் கொண்டுபோய், புகை நுழையும் இடத்தைப் பின்கதவின் றப்பர் ஓரத்தில் கண்டுபிடித்துவிட்டார். இறங்கியபோது சட்டையெல்லாம் தூசி. அதைத் தட்டக்கூட இல்லை.

“பெட்டி சரி, நான்தான் பிழை” என்றார் எல்லாருக்கும் கேட்க. “ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் மிச்சமில்லாமல் வானோடை வாங்கோ.”

வந்தார்கள். சந்தைக்குப் பின்னால் உள்ள வெறுங்காணியில் வான்கள் வரிசை கட்டி நின்றன. வரிசையில் நின்ற வான்களின் எஞ்சின்கள் ஓடியதால் வெளிக்காற்றே கெட்டுப்போய் எண் தாறுமாறாக ஏற, தலைவர் வரிசை நெடுக நடந்து, “நிப்பாட்டுங்கோ! எஞ்சினை நிப்பாட்டுங்கோ!” என்று கத்தினார். சில வான்களில் குறையே இல்லை. சிலவற்றில் கஸ்கற், சிலவற்றில் கதவு றப்பர். கராச்காரர் ஒருவர் அங்கேயே நின்று முடிந்ததையெல்லாம் திருத்தினார். திருத்திய வானின் எண் விழ விழ நான் வாசிக்க, கிரிக்கெற்றில் விக்கற் விழுந்ததுபோல் அவர்கள் ஆர்ப்பரித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ அளவீடுகளை எடுத்திருக்கிறேன். அவற்றில் எதற்கும் இப்படி ஒரு ஆரவாரத்தை நான் கேட்டதில்லை.

தோழி கருவியைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டாள். ஆனால் நாங்கள் செய்ததைக் கேள்விப்பட்ட பல்கலைக்கழகத்தில் எங்கள் பீடம் தனக்கென்றே ஒன்றை எடுப்பித்தது. அது வந்த கிழமை, முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

“ரீச்சர், நான் பண்டத்தரிப்பிலை வான் ஓடுறனான். எங்கடை வானுகளையும் ஒருக்கால் எண்ணிப் பாப்பியளோ?”

“ஓம்” என்றேன். “எல்லாரையும் கூப்பிடுங்கோ. நான் வாறன்.”