முதல் பெயர் என்ற கட்டத்தில்

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க திருத்துறைப்பூண்டியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் "முதல் பேரு?" என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். இனிஷியல்தானே நமக்கு முதலில் வருகிறது, பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் எழுதிப் பழக்கம். என் பெயர் அடுத்த கட்டத்தில் ஏறியது. பாஸ்போர்ட் வந்ததும் அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, என்னையும் ஏத்திக்கிட்டுத்தான் போற" என்றார். அவர் ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை.

நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போனேன். ஆஸ்பத்திரியில் அடம்பிடித்து என் பெயரையே அட்டையில் போட வைத்தேன். இரண்டு வருடம் கழித்து, நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை கிடைத்தது. ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டு டிரைவிங் லைசென்ஸ் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை நிலைக்காது. ஊரில் எட்டுப் போட்டு வாங்கிய என் லைசென்ஸை அங்கே யாரும் சட்டை செய்யவில்லை.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அந்த வருடம் லீவில் வந்தபோது ஒரு கல்யாணப் பந்தியில் பேச்சு லைசென்ஸ் பக்கம் திரும்பியது. துபாயில் வகுப்பை முடிக்காமல் தேதியே தரமாட்டார்கள் என்றான் சித்தப்பா மகன். சிங்கப்பூரில் தேதிக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் பழியாய்க் கிடக்க வேண்டும், ஆனால் சொன்ன நிமிடத்துக்கு ஆள் வந்து நிற்பார் என்றார் அத்தான். நம் ஊரில் தேதி சீக்கிரம் கிடைத்துவிடும், அன்றைக்குப் போய் மதியம் வரை வெயிலில் காய வேண்டும். அயர்லாந்தில் காயவே வேண்டாம், மாதக்கணக்கில் வீட்டிலேயே உட்கார்ந்து காத்திருக்கலாம் என்றேன். எது தேவலை என்று இலை எடுக்கும் வரை வாதாடினோம். யார் அதிகம் காத்திருந்தார் என்பதிலும் எங்களுக்குப் போட்டி.

அப்போதே அப்பாவுக்கு இதயம் பலவீனமாகியிருந்தது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. இது எங்கே போய் முடியும் என்று நர்ஸான எனக்குத் தெரியும். லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஒரு மாத லீவு போட்டு வந்து அவர் கூடவே இருப்பது என்று முடிவு செய்துகொண்டு திரும்பிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் கேட்பார்.

"தேதி குடுத்துட்டாங்களா?"

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்களா என்று விசாரிக்கிற அதே குரல்.

"இன்னும் இல்லப்பா."

"நீயும் கடைமடைதான் போல. தொறந்தாலும் நமக்கு வந்து சேர நாளாகும். பாத்துக்கலாம் விடு."

ஒருவழியாகத் தேதி வந்தது. அரை மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். சின்ன அறை, என்னோடு நான்கு பேர். தேர்வாளர் கதவைத் திறந்து ஒரு பெயரைச் சொன்னார். அவர் வாயில் அது ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை சொன்னபோது காதில் விழுந்தது, அப்பாவின் பெயர். நம் பக்கத்து ஆள் யாரோ வந்திருக்கிறார், அதுவும் அப்பா பெயரில், என்று சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். இத்தனை பொறுப்பில்லாத மனிதர் யார் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து வாசலைப் பார்த்தேன். கதவு மூடிக்கொண்டது.

மற்ற இடங்களில் எல்லாம் என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள். கால் மணி கழித்து கவுன்ட்டரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, நான் லேட் என்றார். இங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன் என்றேன். பாஸ்போர்ட்டில் உள்ள முதல் பெயரைச் சொல்லி மூன்று முறை அழைத்தாகிவிட்டது, விதி அப்படி என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்த தேதி நான்கு மாதம் தள்ளிக் கிடைத்தது.

நடந்ததைச் சொன்னதும் அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். "என்னைக் கூப்பிட்டா நீ எப்படி எழுந்திருப்ப? நான் இருந்திருந்தா ஓட்டிக் காட்டியிருப்பேன்." பிறகு, "லைசென்ஸ முடிச்சுட்டே வாம்மா. நான் எங்க போயிடப் போறேன்" என்றார்.

அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. யாராவது வேண்டாமென்று விட்ட தேதி திடீரென்று கிடைக்கும் என்றார்கள். அதற்காகப் போனும் கையுமாக அங்கேயே இருந்தேன். பிள்ளைகளை இப்போதே வரச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று எத்தனை குடும்பங்களிடம் வார்டில் நின்று சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. இதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஏழாவது வாரம் அப்பா போய்விட்டார். இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்தேன். எனக்காக இரண்டு ராத்திரி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கண்ணாடியின் மேல் கையை வைத்தபோது, யார் அதிகம் காத்திருந்தார் என்று கல்யாணப் பந்தியில் வாதாடியது ஞாபகம் வந்தது. அழுதேன்.

கருமாதி முடிந்த வாரம், என் ஊர் லைசென்ஸைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். வாசலில் மேஜை போட்டு விண்ணப்பம் எழுதித் தருபவர் தந்தை பெயர் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"அப்பா இருக்காங்களாம்மா?"

"இல்லைங்க."

"அப்ப முன்னால லேட் போட்டுடறேன்."

பத்திரத்திலும் பத்திரிகையிலும் ஆயிரம் முறை பார்த்த வார்த்தை. அன்றைக்குத்தான் படித்தேன். லேட் ஆனது நான். எழுதுவது அவர் பெயருக்கு முன்னால்.

"அது வேணாங்களே."

"போட்டுத்தாம்மா ஆகணும்."

போட்டார். அடையாளத்துக்குக் கொண்டுபோயிருந்த பாஸ்போர்ட்டைப் புரட்டியவர், "பேரு மாறிக் கெடக்கே, வெளிநாட்டுல கஷ்டமாயிடும்" என்று அதைத் திருத்துவதற்கும் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தார். வெயிலில் என் முறை வர ஒரு மணி ஆகிவிட்டது. அன்று யாரிடமும் குறை சொல்லத் தோன்றவில்லை.

திரும்பிப் போனபின் இரண்டாவது தேர்வு. அதே அறை, அதே கதவு, இந்த முறை வேறு தேர்வாளர். கையிலிருந்த தாளைப் பார்த்து அப்பாவின் பெயரை முதல் எழுத்திலிருந்து கோணலாக உச்சரித்தார். முன்னால் எதுவும் போடவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். "இருக்கேங்க" என்று தமிழில் வந்துவிட்டது.

லைசென்ஸ் கிடைத்தது. அந்தத் திருத்தப் படிவத்தை நான் இன்னும் அனுப்பவில்லை.