இடம் மாறிய அடைப்புக்குறி

வேப்பூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பையில் இரண்டு சட்டை. விருத்தாசலத்தில் பொம்மை சுடும் பட்டறையை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரமாகியிருந்தது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. பொறாமையில் கிளம்பினேன்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சூளையில் சரக்கு அடுக்கிக்கொண்டே, புதுச் சூளையோடு வந்த கம்ப்யூட்டரில் கட்டளை தட்டப் பழகியிருந்தேன். கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது. எத்தனை டிகிரி என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால் சூளை அதைப் படித்து எரியும். அதற்கென்று ஓர் ஆளை நிரந்தரமாகப் போடப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். திட்டக்குடியிலிருந்து பாலிடெக்னிக் படித்த ஒருவனும் அதற்காக வந்திருந்தான்.

அன்று காலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் கோப்பை எழுதி, பென்டிரைவில் கொண்டுவந்து போட்டேன். சூளை எரியவில்லை. 'மதிப்பு தவறு' என்றது. திரையில் 1180 என்று சரியாகத்தான் இருந்தது. எண்ணை அழித்து மறுபடி அடித்தேன். மதியம்வரை அதே பதில்.

"என்னாய்யா, அடுப்பு பத்தவைக்க இவ்ளோ நேரமா?" என்றார் முதலாளி.

திட்டக்குடிக்காரன் வந்து, அந்த மதிப்பை இரண்டு அடைப்புக்குறிக்குள் காட்டச் சொல்லிக் கட்டளை தட்டினான். மூடும் குறி எண்ணுக்குப் பின்னால் வரவில்லை. வரியின் தொடக்கத்துக்குப் போய், திறக்கும் குறியின் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

"பாத்தீங்களாண்ணே? வரி ஆரம்பத்துக்குத் திரும்பிப் போன்னு சொல்ற எழுத்து ஒண்ணு பின்னால ஒட்டிக்கினு இருக்குது. ஆபீஸ் கம்ப்யூட்டரு ஒவ்வொரு வரி முடிவுலயும் அத வைக்கும். திரை அது சொன்னபடி செய்யும், ஆனா காட்டாது. சூளை அதயும் மதிப்போட சேத்துப் படிக்குது."

நான் இலக்கங்களை மட்டும்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். அவன் அந்த எழுத்தை நீக்கினான். சூளை பற்றிக்கொண்டது.

"தம்பி, நீங்க இங்கயே உக்காருங்க." முதலாளி நாற்காலியைத் தன் கையாலேயே நகர்த்திப் போட்டார். மூன்று வருஷத்தில் என்னை ஒருமுறைகூட 'நீங்க' என்றதில்லை.

"வாங்கண்ணே, அந்தக் கட்டளைய எழுதித் தரேன்" என்றான் அவன். கர்வமாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். அன்பாகச் சொன்னான், அதைத்தான் தாங்க முடியவில்லை.

"உன்கிட்ட வந்து நான் கத்துக்கணுமா?" என்று பையை எடுத்தேன்.

மிச்சத் தூரம் ஒரு டிராக்டரில் போனேன். மறுநாள் காலை, வேப்பூரில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் வேலை கேட்டேன்.

"பில்லு போடற கம்ப்யூட்டரு தெரியுமா?" என்றார் ஓட்டல்காரர்.

"தெரியாதுங்க."

கற்றுக்கொள்கிறேன் என்று அங்கேயும் நான் சொல்லவில்லை. ஒரு விசிலும் பச்சைக் கொடியும் தந்தார். சாலையோரம் நின்று, போகிற லாரிகளைச் சாப்பிட வரச் சொல்லிக் கொடி ஆட்டும் வேலை.