கயானா தேர்தலுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

கயானா நாட்டுத் தேர்தலில் எங்கள் மாமா நிற்பதா வேண்டாமா என்று தென்காசியில் முடிவு செய்தவள் நான். அப்போது எனக்குப் பாவாடை நாடாகூட ஒழுங்காக முடியத் தெரியாது.

அத்தையை, அதாவது தன் மனைவியை, எங்கள் வீட்டில் விட்டுவிட்டு மாமா பிரிட்டிஷ் கயானாவுக்குக் கம்பவுண்டர் வேலைக்குப் போயிருந்தார். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த, வெள்ளைக்காரன் ஆண்ட நாடு. அங்கே முதல்முதலாக எல்லாருக்கும் ஓட்டு வந்தபோது, தோட்டத்து ஜனங்கள் அவரைச் சட்டசபைக்கு நிற்கச் சொன்னார்களாம். நிற்கட்டுமா, ஊருக்கே வந்துவிடட்டுமா, அவளைக் கேட்டு எழுதுங்கள் என்று அப்பாவுக்கு எழுதியிருந்தார்.

"வரச் சொல்லுங்கண்ணே" என்றாள் அத்தை. பாவம், அவ்வளவுதான் கேட்டாள். அப்பாவுக்கோ மெம்பரின் மைத்துனராகப் பஜாரில் நடக்க ஆசை. "நாம யாரு சொல்லதுக்கு? அம்மன் சொல்லட்டும்" என்று பூக்கட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தார். வெள்ளைப் பூ வந்தால் தேர்தல், சிவப்பு வந்தால் ஊர். இரண்டு பொட்டலங்களையும் இலையில் மடித்து நூல் சுற்றியது அப்பாவேதான். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கோயிலுக்குப் போனோம்.

"ஏட்டி, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடு" என்றார். எடுத்தேன். வெள்ளை.

அப்பா தேங்காய் உடைக்கப் போனதும், மிச்சப் பொட்டலத்தை விளையாட்டாகப் பிரித்தேன். அதிலும் வெள்ளை! அம்மன் இரண்டு தடவை சொல்லிவிட்டாள் என்று சந்தோஷம் தாங்காமல் அத்தையிடம் ஓடிக் காட்டினேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

"யார்ட்டயும் சொல்லிராதட்டி" என்று பூவைப் பிடுங்கிக்கொண்டாள். அண்ணன் போடும் சோற்றைத் தின்றுகொண்டு அண்ணனைக் கள்ளன் என்று எப்படிச் சொல்வாள்?

மாமா ஜெயித்தார். அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். எல்லாம் சில மாதம்தான். புதுச் சட்டசபையின் போக்குப் பிடிக்காத வெள்ளைக்கார சர்க்கார், பட்டாளத்தை இறக்கி அதைக் கலைத்தே விட்டது. மாமா இருக்கும் ஊரைவிட்டு அசையக்கூடாது என்று உத்தரவு.

பேப்பரை வீசியெறிந்துவிட்டு அப்பா கூடத்தில் குதித்தார். "ஜனங்ககிட்ட கேக்கது மாதிரி கேட்டுட்டு, தான் நெனச்சதையே செஞ்சுட்டானே படுபாவி! இது அடுக்குமா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை சிரித்தாள். முறம் கையைவிட்டு நழுவி அரிசியெல்லாம் சிதற, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"புருசன் அங்கன மாட்டிக்கிட்டு முழிக்காரு, இவ என்னத்துக்குச் சிரிக்கா?" என்றார் அப்பா.

எனக்கும் தெரியவில்லை. அத்தை சிரித்து எத்தனையோ நாளாயிற்றே என்று, நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.