மத்தியான இசை வராத நாள்

எங்கள் தோட்டத்தில் தண்ணீர் ரேடியோவைக் கேட்டுத்தான் திரும்பும். சொன்னால் சிரிப்பார்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கேரள எல்லைக்குள் இருக்கும் எருத்தேன்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் நானும் சிரித்தவள்தான்.

என் மாமனார் வெட்டிய கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. அவர் காலமான பிறகு நிலம் இரண்டானது. கிணற்றைப் பிரிக்க முடியுமா? காலையில் என் வீட்டுக்காரருக்கு, மத்தியானத்துக்கு மேல் அவருடைய அண்ணனுக்கு என்று முறை வைத்தார்கள். மத்தியானம் எது என்பதில்தான் வந்தது வினை. தம்பி நிழலைப் பார்த்தால் இன்னும் நேரம் இருக்கும். அண்ணன் பார்த்தால் எப்போதோ தாண்டியிருக்கும். ஒருநாள் மம்பட்டியை ஓங்குமளவுக்குப் போய், அதோடு பேச்சு நின்றுபோனது.

அந்த வீட்டுக்குத்தான் நான் சீரோடு ஒரு டிரான்சிஸ்டரையும் தூக்கிக்கொண்டு வந்தேன். பஞ்சாயத்துப் பேச வந்தவர்களில் ஒருவர், “ஏனுங்க, இந்தப் பொட்டிக்கு அண்ணன் தம்பி யாருமில்லீங்களே, இதுவே சொல்லட்டுமே” என்றார். மத்தியானம் திருச்சி நிலையத்தில் பெண்கள் நிகழ்ச்சிக்கு முந்தைய இசை வந்தால் மடை மாற வேண்டும். அதுவரை ரேடியோ முள்ளை யாரும் திருப்பக்கூடாது. இசை கேட்டதும் நான் வாசலில் நின்று “மாறுச்சுங்க!” என்று குரல் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரருடைய அண்ணனான பெரியவர் எதிரில் வாய் திறக்கக்கூடாத மருமகளுக்கு அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அனுமதி.

எப்பேர்ப்பட்ட பெட்டி அது! விடிந்ததும் பக்திப் பாட்டு. பிறகு ஒருவர் சமஸ்கிருதத்தில் செய்தி வாசிப்பார். ஒரு எழுத்து புரியாது. ஆனாலும் என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்வார். டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும்போது நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருப்பேன். எங்கோ வெள்ளம், எங்கோ மந்திரி, எல்லாம் எங்கள் தொழுவத்துக்கு வந்து சேரும். அப்புறம் பள்ளிக்கூடப் பாடம். எட்டாவதோடு நின்றவள் நான். பூமி ஏன் அதிர்கிறது என்பதைப் புளி கரைத்துக்கொண்டே தெரிந்துகொண்டேன். தண்ணீர் முறை மாறியபின் முள் என் கைக்கு வரும். இந்தப் பக்கம் திருப்பினால் இலங்கையிலிருந்து சினிமாப் பாட்டு, அந்தப் பக்கம் திருப்பினால் மலையாளம். பஸ் ஓடுமா, சமரம் என்று ஸ்டிரைக்கில் நிற்குமா என்று தெரிய மலையாளம்தான் வேண்டும். சாயந்திரம் கத்தரிக்கு மருந்தடிப்பதைப் பற்றி யாராவது பேசுவார்கள், அதன்பின் நாடகம்.

நாடகத்தில் ஏதாவது கோமாளித்தனம் வந்தால் எங்கள் வீடு சிரிக்கும். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் பெரியவர் வீடும் சிரிக்கும். முகம் பார்க்காத இரண்டு வீடுகள், முகமே இல்லாத ஒரு குரலுக்கு ஒன்றாகச் சிரித்தன. அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பொங்கல் முடிந்த ஒரு நாள். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பகல் ஓடினால் அடிமண் தெரியும், விடிந்தால்தான் மறுபடி ஊறும். பெரியவர் மிளகாய் நட்டு மூன்றாம் நாள். அன்றைக்கு உயிர்த்தண்ணீர் பாய்ச்சியே ஆக வேண்டும். விட்டால் நாற்று அத்தனையும் கருகிப்போகும். எங்களுக்கு நிலக்கடலை. அது ஒருநாள் பொறுக்கும்.

அன்று பார்த்து, பள்ளிக்கூடப் பாடம் வரவில்லை. ஒருவர் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் ஆயிரக்கணக்கான பேர் ஓவென்று கத்தினார்கள். “எங்கியோ கலவரம்டி” என்று மாமியார் கதவைச் சாத்தினார். மெட்ராஸில் கிரிக்கெட் நடக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு ஊர்ச் சனமே அந்தச் சின்னப் பெட்டிக்குள் எழுந்து நின்று கத்தியது. பயமாகவும் இருந்தது, கேட்டுக்கொண்டே இருக்கவும் தோன்றியது.

நிழல் காலடிக்கு வந்தது. திரும்பி மறுபக்கமும் நீண்டது. இசை வரவில்லை. மோட்டார் ஓடியது, தண்ணீர் எங்கள் கடலைக்குப் பாய்ந்தது. பெரியவர் வரப்பில் வந்து நின்றார். அவர் பின்னால், தலை தொங்கிய மிளகாய் நாற்றுக்கு நடுவில், அவர் மனைவி. நேரமாச்சு என்று பெரியவர் கேட்கவில்லை. நிழலைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதானே ஒப்பந்தம். என் வீட்டுக்காரரும் அசையவில்லை. சோறு கொண்டுபோனபோது மெதுவாக, “நேரமாயிருச்சுங்களே” என்றேன். “பொட்டி சொல்லட்டும்” என்றார். மனிதர் கெட்டவர் இல்லை, வீம்பு.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தேன். சமஸ்கிருதம் வரை தெரிந்த பெட்டிக்கு, பக்கத்தில் செடி சாவது தெரியவில்லை. அன்றுவரை அதை அவ்வளவு பிரமிப்போடு பார்த்தவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. சத்தத்தைக் குறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வாசலுக்குப் போனேன்.

“மாறுச்சுங்க!”

என் முதுகுக்குப் பின்னால் மெட்ராஸ் சனம் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அது கிணறு வரை கேட்கும், கடலைக்காடு வரை கேட்கும். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். பெரியவரும் பார்த்தார். பொய் என்று இருவருக்கும் தெரியும். நான் வீட்டுக்குள் போகாமல் நின்றேன்.

என் வீட்டுக்காரர் மம்பட்டியை எடுத்தார். எங்கள் மடையை அடைத்தார். அண்ணன் அந்தப் பக்கம் மண்ணை வெட்டிவிட, தண்ணீர் மிளகாய்க் காட்டுக்குள் போனது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு தண்ணீர் திரும்புமா என்று வாய்க்காலையே பார்த்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது, “பாட்டு வந்துச்சா?” என்று மட்டும் கேட்டார்.

“வர்லீங்க.”

“ம்” என்று ரசத்துக்குத் தட்டை நீட்டினார்.

ஆட்டம் முடிந்து, மத்தியான இசை பழையபடி திருச்சியிலிருந்து வந்த அன்று நான் கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். கை கழுவி எழ நேரமாகிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மடை மாறவே இல்லை. இசை காடு முழுக்கக் கேட்டிருந்தும், அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மம்பட்டியை ஊன்றிக்கொண்டு என் வாசலைப் பார்த்து நின்றிருந்தார்கள்.